பணயமும் கைம்முதலும்

இவ்விழா மலருக்குக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் எம்மைக் கேட்டபொழுது, கல்லூரியின் பழைய நினைவுகளையோ இலக்கிய ஆராய்ச்சி ஒன்றையோ எதிர்பார்த்திருப்பர். நாம் எடுத்துக்கொண்ட பொருளோ சூது. இந்துக் கல்லூரி மலரிற் சூதைப் பற்றி எழுதுவதா எனச் சிலர் முகஞ்சுளித்தலுங் கூடும். திருவள்ளுவரே பொருட்பாலிற் சூதென ஓர் அதிகாரம் வகுத்துப் பத்துக் குறள்களைப் பாடிவைத்தார். விலக்கத்தக்க பொருளாயினும் அதன் இயல்பை அறிந்தே விலக்கல் வேண்டும் என்பது எமது துணிபு.

இப்பொருளை எடுத்ததற்கு உடனடிக் காரணம் ஒன்றுண்டு. எம்மிடங் கணிதம் பயின்ற பழைய மாணவர் ஒருவர் வெள்ளவத்தையில் வசிப்பவர். தனியார் நிறுவனம் ஒன்றிற் கணக்காளராகப் பணிபுரிபவர். ஒருநாள் மாலை எமது வீட்டுக்கு வந்து, சிறிது நேரம் ஊர்க்கதை பேசியிருந்து, பின் தயங்கித் தயங்கி ஒரு வினாவை விடுத்தார். “சேர், கிழமைக்கொருநாள் நண்பர்களோடு போக்கர் விளையாடுகிறேன். ஆறு மாதத்தில் அறுபதினாயிரம் ரூபா வென்றுவிட்டேன். கொட்டாஞ்சேனையில் வேறொரு குழு இதனினும் இருமடங்கு பணயத்துக்கு ஆடுகிறது. அங்கே போகலாமா? வங்கியிலே தங்கையின் கலியாணத்துக்கென்று அம்மாவும் நானும் சேர்த்த மூன்று இலட்சம் இருக்கிறது. அதையுஞ் சேர்த்தால் முதல் போதுந்தானே?”

கடிந்து அனுப்புதல் எளிது. ஆயினும் வினாவியவர் கணிதம் பயின்றவர். கணிதத்தாலேயே விடை கூறுதல் தகுமென எண்ணினோம். அவருக்குக் கூறிய விடையை விரித்தெழுதியதே இக்கட்டுரை. கடதாசியைத் தொட்டறியாதவரும் இதனைப் படிக்கலாம். நிச்சயமில்லாத முயற்சியிற் பணமிடும் கடைக்காரருக்கும், பங்குச்சந்தையில் இறங்கும் இளைஞருக்கும் இக்கணக்குப் பொதுவானது.

தருமரும் நளனும்

பாரதத்திலே தருமபுத்திரர் யாவற்றையும் இழந்ததற்குச் சகுனியின் வஞ்சனையே காரணமென்பர். ஆழ்ந்து நோக்குவார்க்குக் காரணம் மூன்றாகத் தோன்றும். ஆட்டத்தில் அவருக்குத் திறன் குறைவு. எதிரிக்குத் திறன் மிகுதி. இது முதலாவது. இழக்க இழக்கப் பணயத்தை உயர்த்திச் சென்றார், இஃது இரண்டாவது. ஆட்டத்துக்கென ஒதுக்கிய பொருள் இது, நாட்டுக்கும் குடும்பத்துக்கும் உரிய பொருள் அது என வரம்பு கட்டினாரல்லர்; இது மூன்றாவது. செல்வம் போயிற்று, நாடு போயிற்று, தம்பியர் போயினர், தாமும் போய், ஈற்றிலே திரௌபதியையும் வைத்தார்.

நளன் கதை சற்று வேறுபட்டது. அவனும் நாடிழந்து காடேகினான். ஆயின் மீண்டும் ஆட அமர்வதற்கு முன்னர், தான் வல்ல தேரோட்டுங் கலையை இருதுபன்னனுக்குக் கொடுத்து, அவன் வல்ல சூதின் மறையைப் பெற்றான். திறனை முதலிற் பெற்றுப் பின்னரே பணயம் வைத்தான். எனினும் அப்பொழுதும் ஒரே எறிவில் அனைத்தையும் வைத்தான் என்று கதை கூறும். காவியத்திற் பலித்தது, கணக்கிற் பலியாது.

இருவகைச் சூது

சூது இருவகைப்படும். ஒன்று ஆடுவோன் நிலையத்தை எதிர்த்து ஆடுவது. மற்றையது ஆடுவோர் தம்முள் ஒருவரையொருவர் எதிர்த்து ஆடுவது. 1889ஆம் ஆண்டிலும், 2010ஆம் ஆண்டிலும், மீண்டும் 2025ஆம் ஆண்டிலும் இந்நாட்டுச் சட்டமியற்றுநர் சூதைப் பற்றிச் சட்டஞ் செய்தனர். கொழும்பிலுள்ள கசினோக்களிற் சுழலும் சக்கர ஆட்டம் முதல்வகையைச் சேர்ந்தது. சூனியம் ஒன்று மட்டுமுள்ள சக்கரத்திலே 37 குழிகள் உள்ளன. ஓர் எண்ணிற் பணம் வைத்து வென்றவனுக்கு 35 மடங்கே கொடுப்பர். ஆகவே வைக்கும் ஒவ்வொரு 37 ரூபாவிலும் சராசரி ஒரு ரூபா நிலையத்துக்கே சேரும். இவ்வாட்டத்தில் எவ்வகை முதற்பேணலும் உதவாது. மெல்ல ஆடுவோன் மெல்ல இழப்பான். விரைந்து ஆடுவோன் விரைந்து இழப்பான். வேறுபாடு அவ்வளவே.

“தோற்றால் இரட்டிப்பேன், ஒருமுறை வென்றால் யாவும் மீளும்” என்பாருமுளர். நூறு ரூபாவில் தொடங்கிப் பத்துமுறை தொடர்ந்து தோற்றவன் இழந்த தொகை 1,02,300 ரூபா. அவன் பதினோராம் முறை 1,02,400 ரூபா வைத்து வென்றானாயினும் அவனுக்குக் கிடைக்கும் இலாபம் நூறு ரூபாவே. நூறு ரூபாவுக்காக இரண்டு இலட்சத்தைப் பணயம் வைத்தவனைக் கணக்கறிந்தவன் என்னலாகாது.

போக்கர் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. நம்மவர் வீட்டு விறாந்தைகளில் ஆடும் முந்நூற்றுநாலைப் போல இதிலும் நினைவும், ஊகமும், எதிரியின் மனத்தை அறிதலும் வேண்டும். ஆதலால் திறனுடையான் நெடுங்காலத்தில் மெல்லிய சாதகம் ஒன்றைப் பெறல் கூடும். ஆயினும் முந்நூற்றுநாலிலே தோற்றவர் கேலியைத் தாங்குவதோடு ஆட்டம் முடியும். போக்கரிலோ திறனுடையானும் ஓரிரவிற் பெருந்தொகையை இழத்தல் இயல்பு. இரண்டு ஆசுகளைக் கையில் வைத்திருப்பவன், இரண்டு இராசாக்களை வைத்திருப்பவனை எதிர்த்து முழுப் பணத்தையும் வைத்தானெனின், ஐந்துமுறையில் ஏறக்குறைய நான்குமுறை வெல்வான். ஐந்தாம் முறை, தவறேதும் செய்யாமலே தோற்பான். அந்த ஐந்தாம் முறையைத் தாங்குவதற்கு வேண்டிய பொருளே கைம்முதல்.

திறன் ஆட்டமா, அதிட்ட ஆட்டமா என்னும் வழக்கு அண்டை நாட்டில் நீதிமன்றம் வரை சென்றது. இணையவழிச் சூதினாற் கடனுற்ற பலர் தற்கொலை செய்துகொண்டமை தமிழ்நாட்டைக் கலக்கியது. ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அமைந்த குழுவின் அறிக்கையைத் தொடர்ந்து 2022இல் அங்கு தடைச்சட்டம் இயற்றப்பட்டது. இரம்மியும் போக்கரும் திறன் ஆட்டங்களே எனக் கூறி, அவ்விரண்டையும் பொறுத்தவரை அத்தடை செல்லாதெனச் சென்னை உயர்நீதிமன்றம் 2023 நவம்பரிலே தீர்ப்பளித்தது. 2025 ஓகத்திலே இணையவழிப் பண ஆட்டங்கள் யாவற்றையும் தடுக்குஞ் சட்டத்தை இந்தியப் பாராளுமன்றம் நிறைவேற்றியது. சட்டத்துக்கு இவ்வேறுபாடு முக்கியமாகலாம். ஆடுவோன் குடும்பத்துக்கோ வேறொரு வினாவே முக்கியம்: திறனுடையானும் முறிவானா? முறிவான் என்பதே கணிதம் தரும் விடை. எப்பொழுது முறிவான் என்பதை இனிக் காண்போம்.

முறிவு என்னுங் கணக்கு

1654இல் பாசுக்கால், பெர்மா என்னும் பிரெஞ்சுக் கணிதர் இருவர் சூதாட்ட வினாக்களைப் பற்றிக் கடிதப் போக்குவரத்துச் செய்தனர். 1657இல் ஒல்லாந்தராகிய ஐகன்சு அத்துறையில் ஒரு சிறுநூலை வெளியிட்டார். அந்நூலின் இறுதியிலே தரப்பட்ட கணக்குகளுள் ஒன்று, இருவர் ஆடுமிடத்து எவர் முதலில் முற்றாக முறிவார் என்பது. அதன் விடையைப் பள்ளி மாணவரும் அறியும் வடிவிற் கூறலாம்.

ஒவ்வொரு முறையும் ஒரே அளவு பணயம் வைத்து, வென்றால் அவ்வளவு பெற்றும் தோற்றால் அவ்வளவு இழந்தும் ஒருவன் ஆடுகிறான் என்க. நூறுமுறையில் 51 முறை அவன் வெல்வான். 49 முறை தோற்பான். அவனுக்குச் சாதகம் உண்டென்பது வெளிப்படை. ஆயினும் அவன் எக்காலத்திலாயினும் முறியும் நிகழ்தகவு யாது? 49ஐ 51ஆல் வகுத்து, கையில் எத்தனை பணயத்துக்குப் பணமுண்டோ அத்தனை தடவை அதனை அதனாலேயே பெருக்குக. வருவது விடை.

பத்துப் பணயத்துக்கு மட்டும் முதலுடையவன் முறியும் வாய்ப்பு நூற்றுக்கு 67. ஐம்பது பணயத்துக்கு முதலுடையவனுக்கு நூற்றுக்கு 14. நூறு பணயத்துக்கு முதலுடையவனுக்கு நூற்றுக்கு 2. மூவருந் திறனில் ஒப்பானவர். ஆடுவதும் ஒரே ஆட்டம். ஒருவன் பெரும்பாலும் அழிவான், மற்றொருவன் பெரும்பாலும் பிழைப்பான் என்னும் வேறுபாட்டைச் செய்தது கைம்முதலுக்கும் பணயத்துக்கும் உள்ள விகிதமே. 50க்கு 50 என்னும் சம வாய்ப்புடையவனோ, எவ்வளவு முதலிருப்பினும் ஓயாது ஆடினால் என்றோ ஒருநாள் முறிந்தே தீர்வான். சாதகமில்லாதவனுக்குக் கைம்முதல் அழிவைத் தள்ளிவைக்குமேயன்றித் தடுக்காது.

இக்கணக்கிலிருந்து உடனே பெறப்படும் உண்மை ஒன்றுண்டு. முதலைப் பெருக்காது பணயத்தை மட்டும் இருமடங்காக்குவோன், நூறு பணய முதலை ஐம்பது பணய முதலாகச் சுருக்குகிறான். அவன் முறியும் வாய்ப்பு நூற்றுக்கு 2இலிருந்து 4 ஆக உயரும் என எண்ணுவோர் பலர். அது 14 ஆக உயர்கின்றது. பணயம் இரட்டித்தது, ஆபத்து ஏழு மடங்காயிற்று.

இதே கணக்கைப் பெரும் நிறுவனங்களுஞ் செய்கின்றன. காப்புறுதிக் கம்பனி ஒன்று எவ்வளவு ஒதுக்குநிதி வைத்திருந்தால் இழப்பீட்டுச் சுமையால் முறியாது என்பதைச் சுவீடன் நாட்டு உலுண்ட்பேர்க்கு 1903இல் ஆராய்ந்தார். அந்நாட்டுக் கிறாமர் 1938இல் அதனை மேலும் வளர்த்தார். அரிதாக நிகழும் பெரும் விலகல்களைப் பற்றிய அவ்வாராய்ச்சியை ஒருங்கிணைந்த கோட்பாடாக ஆக்கியவர் தமிழர் ஒருவர். 1940இற் சென்னையிற் பிறந்து, மாநிலக் கல்லூரியிலும் கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்திலும் பயின்று, நியூயோர்க்கிற் பேராசிரியரான எஸ். ஆர். சிறீனிவாச வரதன் அவர்களே அவர். அப்பணிக்காக 2007இல் ஏபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது.

கைம்முதல் எத்துணை வேண்டும்?

இனி எமது மாணவரின் மேசைக்கு வருவோம். போக்கரிலே கடதாசி பார்க்கு முன்னரே வைக்கவேண்டிய கட்டாயப் பணயங்கள் இரண்டுண்டு. அவற்றுட் பெரியதை ஓர் அலகு எனக் கொள்வோம். வழக்கமாக ஒருவர் நூறு அலகுடன் மேசையில் அமர்வர். அத்தொகையை அமர்பணம் என்போம். மாணவரின் மேசையில் ஓர் அலகு 100 ரூபா. அமர்பணம் 10,000 ரூபா. அவர் செல்ல விரும்பிய மேசையில் அமர்பணம் 20,000 ரூபா.

திறன்மிக்க ஒருவர் நூறு ஆட்டத்துக்குச் சராசரி 5 அலகு வெல்வாராயின் அது நல்ல ஆதாயவீதம். ஆயின் நூறு ஆட்டத்தின் பெறுபேறு அச்சராசரியைச் சுற்றி மிக அகன்று ஆடும். அவ்வாட்டத்தின் நியம விலகல் ஏறக்குறைய 90 அலகு என வைத்துக்கொள்வோம். ஐந்து எங்கே, தொண்ணூறு எங்கே! திறன் என்னும் சிறு விளக்கு அதிட்டம் என்னும் பெருங்காற்றில் எரிகின்றது.

இவ்வளவுகளைக் கொண்டு கணித்தால், 20 அமர்பணம் முதலுடையவர் முறியும் வாய்ப்பு நூற்றுக்கு 8 அல்லது 9. 40 அமர்பணம் உடையவருக்கு நூற்றுக்கு ஒன்றிலுங் குறைவு. ஆதாயவீதம் 5 அன்றி 2 மட்டுமாயின், 20 அமர்பணம் உடையவருக்கு நூற்றுக்கு 37. 40 உடையவருக்கும் நூற்றுக்கு 14. நூறு அமர்பணம் இருந்தாற்றான் ஆபத்து நூற்றுக்கு ஒன்றினும் கீழிறங்கும். சாதகம் மெலிய மெலியக் கைம்முதல் பருத்தல் வேண்டும். இருபது அமர்பணம் போதும் எனப் பொதுவாகக் கூறப்படும் விதியை, தம் சாதகம் எவ்வளவென அறியாதார் நம்புதல் தகாது.

தம் சாதகத்தை அறிதல் எளிதா? மாணவர் கிழமைக்கொருநாள் நான்கு மணிநேரம் ஆடினார். மணிக்கு 30 ஆட்டமெனக் கொண்டால் 26 கிழமையில் 3,120 ஆட்டம். அவர் வென்றது 600 அலகு. நூறு ஆட்டத்துக்கு 19 அலகு. கேட்பதற்கு இனியதே. ஆயின் 3,120 ஆட்டத்தின் முடிவில் அவ்வீதத்தின் வழு 16 அலகளவு இருக்கும். எவ்விதத் திறனும் இல்லாத எண்பது தொண்ணூறு பேர் அவ்வாறு ஆறுமாதம் ஆடியிருப்பின், அவருட் பத்துப்பேர் வெறும் அதிட்டத்தாலேயே அத்துணை வென்றிருப்பர். அப்பத்துப் பேரும் தம்மை வல்லவர் என்றே எண்ணியிருப்பர். ஒரு இலட்சம் ஆட்டம் ஆடிய பின்னரும் வழு 3 அலகளவு எஞ்சும். கிழமைக்கு 120 ஆட்டம் ஆடுவோருக்கு இலட்சம் ஆட்டமென்பது பதினாறு ஆண்டு.

மேலேறுங் காலம்

மேற்பணயத்துக்கு ஏறுதற்கு மூன்று நிபந்தனைகள் உண்டு.

முதலாவது, செல்லவிருக்கும் மேசையின் அமர்பணத்தால் அளந்து முதல் போதியதாயிருத்தல் வேண்டும். 40 அமர்பணம் நிதானமான அளவு. எமது மாணவர் இருபதினாயிர மேசைக்கு ஏற எட்டு இலட்சம் வேண்டும். அவரிடம் வென்ற பணம் இருந்ததோ அறுபதினாயிரம், மூன்றே அமர்பணம். நூறு ஆட்டத்துக்கு 5 அலகு வெல்லுந் திறன் அவருக்கு உண்டெனக் கொள்ளினும் அவர் முறியும் வாய்ப்பு நூற்றுக்கு 69. தங்கையாரின் மூன்று இலட்சத்தையுஞ் சேர்த்தால் 18 அமர்பணம். முறியும் வாய்ப்பு நூற்றுக்கு 11. இது பொறுக்கத்தக்கது போலத் தோன்றும். ஆயின் அடுத்த நிபந்தனையை நோக்குக.

இரண்டாவது, மேல் மேசையிலும் சாதகம் நிலைத்தல் வேண்டும். பணயம் உயர்ந்த இடத்தில் ஆடுவோரும் உயர்ந்தோராயிருப்பர். கீழே 5 அலகு வென்றவர் மேலே 2 வெல்லலாம். ஒன்றும் வெல்லாதும் போகலாம். அங்கு ஆதாயவீதம் 2 ஆயின், அதே 18 அமர்பணம் முறியும் வாய்ப்பு நூற்றுக்கு 41. பத்துக்கு நான்கு! தங்கையின் திருமணப் பணத்தை அத்தகைய தராசிலே வைக்க எந்த அண்ணன் மனங்கொள்வான்?

மூன்றாவது, இறங்கும் எல்லையை ஏறுமுன்னரே எழுதிவைத்தல் வேண்டும். முதல் 25 அமர்பணமாகக் குறைந்தால் கீழ் மேசைக்குத் திரும்புவேன் எனத் துணிந்தவனே மேலேறத் தகுதியுடையான். புதிய மேசையைச் சோதிக்க விரும்பின், இரண்டு அமர்பணத்தை மட்டும் அதற்கென ஒதுக்கி, அது போயின் அன்றே மீளல் வேண்டும். ஏறுதற்குத் துணிவு போதும். இறங்குதற்கு அடக்கம் வேண்டும். இறங்குவதை இழிவெனக் கருதுவோர் தம் மானத்தைக் காக்க முதலை இழந்து, ஈற்றில் இரண்டையும் இழப்பர்.

இதன் அடிப்படையை அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தைச் சார்ந்த கெலி என்பார் 1956இல் வரைந்து காட்டினார். நூற்றுக்கு 55 முறை வெல்லும் ஒருவன், சமவிலைப் பந்தயத்தில் ஒவ்வொரு முறையுந் தன் முதலிற் பத்திலொரு பங்கை வைத்தால் அவன் பொருள் மிக விரைந்து வளரும். பத்தில் இரண்டு பங்கு வைத்தால் வளர்ச்சி அற்றுப்போகும். பத்தில் மூன்று பங்கு வைத்தாலோ, வெல்லும் ஆட்டத்திலேயே அவன் பொருள் தேய்ந்து அழியும். இருபதில் ஒரு பங்கை மட்டும் வைப்பவனுக்கு வளர்ச்சியின் முக்காற்பங்கு கிடைக்கும். ஏற்ற இறக்கமோ பாதியாகும். முதல் குறையப் பணயமும் குறைதல் வேண்டும் என்பதே இம்முறையின் உயிர். தருமபுத்திரர் செய்தது இதற்கு நேர்மாறு.

செட்டியார் தெருவின் பாடம்

சூதை விட்டு வாணிகத்துக்கு வருவோம். கொட்டாஞ்சேனைக்கு அணித்தாயுள்ள செட்டியார் தெருவை அறியாதார் எம்முள் இலர். ஆடிவேல் விழாவிலே அங்கிருந்து பம்பலப்பிட்டிக்குத் தேர் வரும்பொழுது தெருவோரம் நின்று வணங்காதாரும் இலர். அத்தெருவில் நாட்டுக்கோட்டை நகரத்தார் நடத்திய வட்டிக்கடைகள் ஒருகாலத்தில் இந்நாட்டுத் தோட்டங்களுக்கும் அரிசி வாணிகத்துக்கும் முதல் வழங்கின. தம் சொந்தப் பணத்தை முதற்பணம் என்றும், உறவினரும் பிறரும் வைத்த பணத்தை மேம்பணம் என்றும் அவர்கள் பிரித்து எழுதினர். அயல்நாட்டு வங்கிகளிடங் குறைந்த வட்டிக்குக் கடன் பெற்று, இந்நாட்டார்க்குக் கூடிய வட்டிக்குக் கொடுத்தலும் அவர்தம் தொழிலின் பெரும்பகுதியாயிற்று. சாதகம் அவர்களுக்கு இருந்தது, திறனும் இருந்தது, தலைமுறை தலைமுறையாய் வந்த கணக்கறிவும் இருந்தது.

1925இல் அவர்களுட் பெரிய கடை ஒன்று முறிந்தது. வங்கிகள் அஞ்சி ஏனையோர்க்குங் கொடுத்துவந்த கடனைச் சுருக்கின. 1929இல் உலகப் பெருமந்தம் வந்தது. தேயிலை, இறப்பர், தெங்கு ஆகியவற்றின் விலை வீழ, கடன்பட்டோர் பணமாகத் திருப்ப இயலாது நிலத்தையே கொடுத்தனர். விற்கவொண்ணாத காலத்திலே கைக்கு வந்த நிலம் பணமாகாது உறைந்து கிடந்தது. 1934இல் சேர் சொராப்ஜி பொச்கானவாலா தலைமையில் இலங்கை வங்கி ஆணைக்குழு ஆராய்ந்தது. 1939இல் இலங்கை வங்கி தோன்றியது.

இதிலிருந்து பெறுவதென்ன? இரவற்பணம் கைம்முதலாகாது. நல்ல காலத்தில் அது முதல்போலவே தோன்றும், இலாபத்தையும் பெருக்கும். தீய காலத்தில், அஃதாவது மிக வேண்டிய அந்த நாளிலேயே, உடையவன் வந்து திருப்பிக் கேட்பான். காலி வீதியில் ஒரு கடையை நன்கு நடத்தும் ஒருவர் வங்கிக் கடனால் இரண்டாவது கடை திறக்க எண்ணும்பொழுது, மேற்பணயத்துக்கு ஏறுவோன் வினாவவேண்டிய மூன்று வினாக்களையே வினாவுதல் நன்று. முதல் போதுமா? முதற்கடையிற் கிடைத்த சாதகம் இரண்டாங் கடையிலுங் கிடைக்குமா? எந்த எல்லையில் மூடுவேன் என எழுதிவைத்தேனா?

கணக்கிலடங்காத இழப்புகளும் உள. 1983 யூலையில் வெள்ளவத்தையிற் கடைகள் எரிந்தபொழுது, வாழ்நாள் முழுதும் தேடியதை ஒரே கூரையின்கீழ் வைத்திருந்தோர் ஒரே பகலில் யாவும் இழந்தனர். அஃது அவர் தவறன்று. 2022இல் ரூபாவின் மதிப்புச் சில மாதங்களில் வீழ்ந்தபொழுது சேமிப்பை நம்பியிருந்தோரும் நொந்தனர். நிகழ்தகவுச் சூத்திரம் எதுவும் இவற்றை முன்னறிந்து கூறாது. ஆகவே கணக்குக் காட்டும் அளவிலும் சற்றுக் கூடுதலாக ஒதுக்கி வைத்தலும், ஒதுக்கியதை ஒரே இடத்தில் வையாமையும் எமது சமூகம் பட்டறிந்த பாடங்களாம்.

முடிவுரை

கைம்முதல் என்பது இழந்தாலும் வீட்டு அடுப்பு எரியும் என்னும்படி பிரித்து வைக்கப்பட்ட பணம். வீட்டு வாடகை, பிள்ளைகளின் கல்விப் பணம், பெற்றோரின் மருந்துச் செலவு, தங்கையின் திருமணப் பணம் ஆகியன அதனுள் அடங்கா. மாதச் சம்பளத்திலே சிறுதொகை எடுத்து நண்பரோடு ஆடுவோன், அதனை முதல் என்னாது செலவு என்றே எழுதுக. படம் பார்க்கப் போன செலவு போல அதுவும் ஒன்று. மாணவர்களுக்கு நாம் கூறுவது இதனினுஞ் சுருக்கமானது. கணக்கைக் கற்றுக்கொள்ளுங்கள், ஆட்டத்தைக் கற்கவேண்டியதில்லை.

அன்று மாலை இக்கணக்குகளை ஒரு தாளில் எழுதிக் காட்டியபொழுது மாணவர் நெடுநேரம் பேசாதிருந்தார். ஈற்றில், “நூற்றுக்கு நாற்பத்தொன்றா, சேர்?” என்று மட்டுங் கேட்டார். ஆம் என்றோம். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சென்றார். நாம் அவருக்கு இட்ட பணி ஒன்றே: ஒவ்வொரு நாளின் வரவு செலவையும், ஆடிய நேரத்தையும், இழந்த நாளையும் மறையாது ஒரு கொப்பியில் எழுதிவருக என்பது.

அடுத்த ஆண்டு அவர் மீண்டும் வந்தார். கையிற் கொப்பி இருந்தது. முன்னர் வென்ற அறுபதினாயிரத்திற் பெரும்பகுதி திரும்பிப் போயிருந்தது. தாம் எண்ணிய அளவு வல்லவர் அல்லர் என்பதைத் தம் கையெழுத்திலேயே கண்டிருந்தார். கொட்டாஞ்சேனை மேசைக்கு அவர் செல்லவில்லை. கொப்பிக்குமேல் மஞ்சள் பூசிய உறை ஒன்று இருந்தது. அது தங்கையாரின் திருமண அழைப்பிதழ். குறித்த நன்னாளில் அத்திருமணம் இனிது நிறைவேறிற்று. நாமுஞ் சென்று வாழ்த்தி, வயிறார உண்டு மீண்டோம்.